அம்மாவுக்குக் கலர் வாங்கவில்லை

சோற்றைப் பிசையும்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், பிசைந்து முடித்தாயிற்று, சொல்லவில்லை. மறுபடி குழம்பு ஊற்றும்போது சொல்லலாம் என்றால் குழம்பை ஊற்றுவது அம்மா. கரண்டி பிடித்த கையிடம் வீட்டு விசேஷத்தைச் சொன்னால் கரண்டி அப்படியே நின்றுவிடும், குழம்பு மேசையில் சொட்டும், அதைத் துடைக்கிறவளும் நான்தான். என் கூடை அடுப்படியில் இருக்கிறது. அதற்குள் துண்டைப் போட்டு மூடிய எவர்சில்வர் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு குங்குமப் பொட்டலம், இரண்டு வாழைப்பழம். காலையில் வந்ததிலிருந்து பாத்திரம் தேய்த்தேன், துணி காயப்போட்டேன், ஜன்னல் கம்பிகூடத் துடைத்தேன், எதைச் செய்தாலும் மனசு அந்தக் கூடைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் பால் காய்ச்சுகிறேன். என் வீடு, ஜெயக்கொடி வீடு. ஊரார் வீட்டுத் தரையைத் துடைத்தே முட்டி காய்த்துப்போனவளுக்குச் சொந்தமாக ஒரு தரை, அதுவும் சிவப்பு சிமெண்டு போட்டு வழுவழுவென்று. அழைக்க வேண்டிய எல்லாரையும் அழைத்தாயிற்று. இந்த ஒரு வீடுதான் பாக்கி. இந்த வீட்டை முதலில் அழைத்திருக்க வேண்டும், தெரியும், ஆனால் ஒவ்வொரு நாளும் கூடையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன், அப்படியே தூக்கிக்கொண்டு போகிறேன், வெற்றிலை வாடினால் புது வெற்றிலை மாற்றுகிறேன். "முள்ளு பாத்து சாப்பிடு, கெண்டை" என்கிறார் அம்மா, எதிரே உட்கார்ந்து தன் தட்டில் முள் பொறுக்கியபடி. சரிங்கம்மா என்றேன்.

அம்மா என்றால் என்னைப் பெற்றவர் இல்லை. பூங்கோதை அம்மா, பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். வேலைக்காக மதுரைக்கு வந்தவர் இங்கேயே இந்த அடுக்குமாடியில் வீடு வாங்கித் தங்கிவிட்டார். வீட்டுக்காரர் இல்லை, மகன் பெங்களூரில். மீன் வாங்குகிற நாளில் என்னை அடுப்பு பக்கமே விட மாட்டார், தானே குழம்பு வைப்பார், வைத்துவிட்டு எனக்கும் ஒரு தட்டு எடுத்து மேசையில் வைப்பார். மேசை என்றால் இதே மேசை, எதிரும் புதிருமாக. வேலைக்கு வந்த புதிதில் இது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. முன்பு வேலை பார்த்த வீடுகளில் அடுப்படித் தரையில் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு சாப்பிட்டவள் நான். யாரும் பார்க்க மாட்டார்கள், எத்தனை கவளம் என்று எண்ணவும் மாட்டார்கள், வாயைத் திறந்து மெல்லலாம், விரலைச் சூப்பலாம். இங்கே நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் படுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சோறு உள்ளே போகாமல் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இங்க சாப்பிடப் பிடிக்கலேன்னா சொல்லிடு, கட்டாயம் ஒண்ணும் இல்லை" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. பெரிய இடத்து ஆட்கள், மரியாதை கொடுத்து அது திரும்பி வந்தால் கோபப்படுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப்போட்டேன். அப்புறம் பழகிவிட்டது. இப்போது வீட்டில் தரையில் உட்கார்ந்தால் இடுப்பு பிடிக்கிறது, மகன் அழகுராசா கேலி செய்கிறான், எங்கம்மாவுக்கு டைனிங் டேபிள் வாங்கணும்டா என்று.

கேலி செய்யட்டும். இந்த வீட்டைப் பற்றி நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது, அதுதான் பயமாகவும் இருக்கிறது. லிஃப்டில் வேலைக்காரர்கள் ஏறக் கூடாது என்று கீழே பலகை மாட்டினார்களே, அன்றைக்கு அம்மா என்ன செய்தார்? சண்டை போடவில்லை. முட்டி வலியோடு என்கூடவே படியேறி வந்தார். மறுநாளும் படி, அதற்கடுத்த நாளும் படி, மாடிக்கு மாடி கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு. செக்ரட்டரி ஓடி வந்து "மேடம் நீங்க ஏன் மேடம்" என்றதற்கு, "லிஃப்டோட கயிறு எவ்வளவு தாங்கும்னு எனக்குத் தெரியும் சார், இவ ஏறினா அறுந்துடாது" என்றார். பலகை போய்விட்டது. சாவி கொடுத்தாரே, அதற்கு ஒரு பேச்சு உண்டா, ஒரு எச்சரிக்கை உண்டா, உப்புப் புளி கொடுப்பது மாதிரி இந்தா என்று கொடுத்தார். பீரோ திறந்து கிடக்கும், நான் தூசி தட்டிக்கொண்டிருப்பேன், அவர் பாட்டுக்கு மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். என் வீட்டுக்காரர் செத்த பிறகு ஒரு மனுஷி என்னை நம்புகிறாள் என்கிற தெம்பில்தான் எங்களுக்கென்று இருந்த மூன்று செண்டு இடத்தில் வீடு கட்டத் துணிந்தேன். கட்டியதும் பாதி அம்மாதான். தினமும் செல்போனில் படம் எடுத்து வந்து காட்டுவேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிசாக்கிப் பார்ப்பார், கொத்தனார் சேவுகனைக் கூப்பிட்டு, "பீமுக்குக் கம்பி எங்கய்யா, எலும்பு இல்லாம உடம்பு நிக்குமா" என்று வாங்கு வாங்கு என்று வாங்குவார். சேவுகன் அம்மா குரல் கேட்டால் பீடியை அணைத்துவிடுவான். ஆனால் ஒருநாள்கூட நேரில் வந்ததில்லை. வாங்கம்மா, ஆட்டோவில் கூட்டிப் போய்க் காட்டுகிறேன் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். முட்டி வலிக்குதுடி என்பார். படியேறின முட்டிக்கு ஆட்டோவில் ஏற முடியவில்லையா? அங்கேதான் என் நினைப்பு போய் இடித்துக்கொண்டு நிற்கிறது.

ஏனென்றால் எனக்குக் கலர் பாட்டில் தெரியும். எங்கள் தெருவில் எந்த விசேஷம் நடந்தாலும் வேலை பார்க்கிற வீட்டுக்காரர்கள் வருவார்கள் என்று தனியாகக் கலர் சோடா வாங்கி வைப்போம். காரில் வருவார்கள், வாசலில் நாற்காலி போடுவோம், சாப்பிடுங்க என்போம், சுகர் இருக்கு என்பார்கள், இப்பத்தான் டிபன் ஆச்சு என்பார்கள், இன்னொரு விசேஷம் இருக்கு என்பார்கள். உடனே ஒருத்தன் ஓடிப்போய்க் கலர் எடுத்து வந்து அவர்கள் கண் முன்னாலேயே மூடியை உடைத்துக் கொடுப்பான். சுகர் இருக்கிறவர்கள் அந்தச் சர்க்கரைத் தண்ணியை மட்டும் குடித்துவிடுவார்கள், ஏனென்றால் அதில் எங்கள் கை படவில்லை. மொய்க் கவரைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். என் மகள் கல்யாணத்தில் அப்படித்தான் நடந்தது, அப்போது வேலை பார்த்த வீட்டம்மா பட்டுப்புடவை கசங்காமல் பாதி பாட்டில் குடித்தார். எனக்கு அது அன்றைக்கு உறைக்கவே இல்லை, பெருமையாகத்தான் இருந்தது. இப்போது உறைக்கும். பூங்கோதை அம்மா வந்து என் புது வீட்டு வாசலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து சுகர் இருக்கு என்று சொன்னால், அவருக்குச் சுகர் கிடையாது, மாத்திரை டப்பா அடுக்கி வைக்கிறவள் நான், எனக்குத் தெரியும், அப்படிச் சொன்னால் இந்த மேசை, இந்த நாற்காலி, இந்தத் தட்டு, இத்தனை வருஷமும் ஒரு நிமிஷத்தில் பொய்யாகிவிடும். என் வீட்டில் நான் உன்னைச் சமமாக உட்கார வைப்பேன், உன் வீட்டில் நான் உட்கார மாட்டேன் என்றால் அதற்கு என்ன பெயர்? கூப்பிடாமலே இருந்துவிட்டால் இந்த நல்லது இப்படியே பத்திரமாக இருக்கும். கூப்பிடாமல் இருந்தால் நான் மனுஷியா? அழகுராசா வேறு நேற்று, "ஒங்க மேடத்துக்கு எத்தன கலர் சொல்லணும், ஆரஞ்சா பன்னீரா" என்றான். கையில் இருந்த விளக்குமாற்றோடு திரும்பினேன், ஓடிவிட்டான். பாவம், அவன் மேல் என்ன தப்பு. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், இந்தக் கவளத்தை முழுங்கிவிட்டுச் சொல்லிவிட வேண்டும், அம்மா, வருகிற ஞாயிற்றுக்கிழமை, என்று வாயைத் திறந்தேன், கெண்டை முள் தொண்டையில் குத்திக்கொண்டது.

இருமினேன், வரவில்லை. எச்சில் முழுங்கினேன், இன்னும் ஆழமாகக் குத்தியது. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "சொன்னேன்ல, முள்ளு பாருன்னு, எந்த உலகத்துல இருக்கே நீ" என்று திட்டிக்கொண்டே அம்மா எழுந்து சுற்றி வந்துவிட்டார். குழம்பு படாத வெறும் சோற்றை எடுத்து இறுக்கி உருண்டை பிடித்து, "வாயைத் திற, மெல்லாதே, அப்படியே முழுங்கு" என்று ஊட்டினார். கடைசியாக எனக்கு யார் ஊட்டினார்கள், நினைவே இல்லை. முழுங்கினேன். முள் அசையவில்லை. இன்னொரு உருண்டை. அதற்கும் அசையவில்லை. "பழம் முழுங்கினா போயிடும், வீட்ல ஒரு பழம்கூட இல்லையே" என்று கையைப் பிசைந்தார். உயிர் பயம் வந்தால் மானம் ரோஷம் எதுவும் நிற்காது என்பது எவ்வளவு நிஜம், என் கை தானாக அடுப்படியைக் காட்டியது, கூடை, கூடை என்று சைகை செய்தது. செய்த பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. அம்மா உள்ளே போனார். துண்டை விலக்குகிற நேரம் ஆனது. தட்டோடு வந்தார். ஒரு பழத்தைப் பிய்த்துத் தோலை உரித்துப் பாதியாக என் வாயில் திணித்தார். முழுங்கினேன், கண் பிதுங்கியது, மறுபாதியோடு முள் இறங்கிவிட்டது. தண்ணீர் குடித்தேன். மேசையில் இரண்டு சாப்பாட்டுத் தட்டுக்கும் நடுவில் வெற்றிலைத் தட்டு உட்கார்ந்திருந்தது.

"பால் காய்ச்சுறியா?" என்றார். "ஆமாம்மா, ஞாயித்துக்கெழம." "எல்லாரையும் கூப்பிட்டாச்சா?" "கூப்பிட்டாச்சும்மா." "நான்தான் பாக்கி." தலையை ஆட்டினேன். அம்மா தட்டைத் தன் பக்கம் இழுக்கவும் இல்லை, என் பக்கம் தள்ளவும் இல்லை. தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, காய்ந்துபோன கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சங்கடப்படாதே ஜெயக்கொடி. நீ கூப்பிடலேன்னா நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். உன் சொந்தக்காரங்கல்லாம் வருவாங்க. எனக்குப் புரியுது. கட்டும்போதே அதுக்குத்தான் நான் அந்தப் பக்கம் வரலை." எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா புரியுது?" என்றேன். அம்மா நிமிர்ந்து பார்த்தார். "உனக்குத் தெரியும்தானே? நாங்க எந்த ஆளுங்கன்னு." நான் முழித்தேன். "எங்க ஊர்ல எங்க தெரு தனித் தெரு. மேலத்தெருக்காரங்க யாரும் வந்து எங்க வீட்ல பச்சத்தண்ணி குடிச்சதில்லை. நான் படிச்சு ஆபீசர் ஆன பிறகும் அதேதான், நான் கொண்டுபோற டிபன் டப்பாவுல ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்க. டீ வாங்கிக் குடுத்தா குடிப்பாங்க. அது கடை டீ. இந்த வீட்லகூட உனக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க, யாரோ சொல்லியிருக்காங்க, மறுநாள் வரலை. நீ வந்த புதுசுல இந்த மேசையில உக்காந்து சோத்தை அளைஞ்சுகிட்டே இருந்தே. சரி, இவளும் நாளைக்கு வர மாட்டான்னு நினைச்சேன். நீ வந்தே. வந்து அள்ளி அள்ளிச் சாப்பிட்டே. அதை நான் மறக்கவே மாட்டேன். உனக்கு நான் செஞ்சதெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை."

ஒண்ணுமே இல்லையாம். நான் இவருக்கு நன்றி சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருக்க, இவர் எனக்கு நன்றி பாராட்டிக்கொண்டிருந்திருக்கிறார், அதுவும் நான் கூச்சத்தில் செய்த ஒரு காரியத்துக்கு. எதிர்வீட்டு அம்மா ஒருநாள் லிஃப்டில், "நீ அங்க சாப்பிடக்கூட செய்றியா" என்று முகத்தைச் சுளித்துக் கேட்டது பொறாமை என்றுதானே நினைத்தேன். நான் எதையுமே கேட்டவள் இல்லை, பெரிய படிப்பு, பெரிய வேலை, அலமாரி நிறையப் புத்தகம், அப்படியென்றால் பெரிய சாதி என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். இப்போது தெரிந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், முள் போன இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி எனக்குள்ளேயே தேடினேன், எங்கேயாவது எதுவாவது குமட்டுகிறதா, இந்தச் சோறு இப்போது வேறு சோறாகிவிட்டதா என்று. சின்ன வயதில் எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தது ஏதாவது ஒரு மூலையில் கிடக்கத்தானே செய்யும். கிடந்தது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அதற்கு உயிர் இல்லை. உயிரோடு இருந்தது வேறு ஒன்று, பயம். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், பெரியகருப்பன் மாமா. ஞாயிற்றுக்கிழமை விளக்கைக் கையில் பிடித்து முதல் காலை உள்ளே வைக்கப்போகிறவர் அவர்தான், வீட்டுக்காரர் இல்லாத வீட்டுக்கு அவர்தான் துணை என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரிந்தால் பந்தியிலிருந்து இலையை மடக்காமல் எழுந்து போவார். அவர் எழுந்தால் அவர் பின்னால் அந்த வரிசையே எழும். தெரியாமல் பார்த்துக்கொள்ளலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, விழுப்புரம் பக்கம், இன்ஜினியர், பெரிய இடம், என்று சொன்னால் அவரும் என்னை மாதிரியே ஏமாந்துபோவார். அப்படி ஒளித்து வைத்து உட்கார வைக்கிறதுக்கு அம்மா என்ன திருட்டுப் பொருளா? அந்த நினைப்பை அப்படியே தூக்கி எறிந்தேன். என் வீட்டு பீமில் கம்பி இருக்கிறதென்றால் இவரால் இருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட யார் யாருக்கு உரிமை என்று இவரைக் கேட்டுத்தான் மற்றவர்களைக் கேட்க வேண்டும்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "தெரிஞ்சு தின்னவ இல்ல நானு. வெக்கத்துல அளைஞ்சேன், பயத்துல தின்னேன். சும்மா எனக்குப் பேரு குடுக்காதீக." அம்மா முகத்தில் என்னென்னவோ வந்து போனது. "இப்போ தெரிஞ்சுபோச்சே" என்றார் மெதுவாக. நான் என் தட்டை அருகில் இழுத்து, மிச்சமிருந்த மீனை எடுத்து, முள்ளைப் பார்த்துப் பார்த்து ஒதுக்கிச் சாப்பிட்டேன். அவசரப்படவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் என் கால் ரெண்டும் தரையில் ஊன்றி உட்கார்ந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன், நாற்காலி நுனி, சுகர், கலர் பாட்டில், அழகுராசா ஆரஞ்சா பன்னீரா என்று கேட்டது, நான் விளக்குமாற்றோடு திரும்பியது. "நீங்க எங்க வீட்டுல சாப்புட மாட்டீகளோன்னுதேம்மா பயந்தேன், அதுக்குத்தேன் கூப்புடல" என்றேன். அம்மா என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கலரா, கலரா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றி முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, தொண்டை வலித்தது, வலியோடு சிரித்தேன். இத்தனை நாள் ரெண்டு பேரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பயத்தைத்தான் தின்றுகொண்டிருந்திருக்கிறோம்.

கை கழுவி வந்தோம். நான் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு தட்டை எடுத்தேன். ஒரே ஒரு பழம்தான் இருந்தது. "ஒத்தப் பழம் வைக்கக் கூடாதும்மா, நாளைக்கு வாங்கிட்டு வந்து…" என்று இழுத்தேன். "இன்னொண்ணு உன் வயித்துல இருக்குல்ல, சரியாப் போச்சு, குடு" என்று அம்மா கிழக்குப் பார்த்து நின்றுகொண்டார், தலையைக்கூட ஒதுக்கிவிட்டுக்கொண்டார். ரெண்டு கையாலும் நீட்டினேன். எத்தனையோ வீட்டு வாசலில் இந்த வாரம் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிவிட்டு வந்த வார்த்தைதான், இங்கே நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "ஞாயித்துக்கெழம பால் காச்சுறோம். விடியவே வந்துரணும். இருந்து சாப்புட்டுத்தேன் போகணும்." அம்மா தட்டை வாங்கிக்கொண்டார். வாங்கினவர் கீழே வைக்கவில்லை. தட்டின் விளிம்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டே நின்றார். அதிகாரி குரலும் இல்லை, அம்மா குரலும் இல்லை, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வாசலில் நிற்கிற பிள்ளை கேட்கிற குரல். "வர்றேன். ஆனா பந்தியில என் பக்கத்துல யாரு உக்காருவாங்க?"

எங்களில் வீட்டுக்காரி முதல் பந்தியில் உட்காருவது கிடையாது. வந்தவர்கள் அத்தனை பேரும் சாப்பிட்டுக் கை கழுவின பிறகு, அண்டாவின் அடியில் இருப்பதைச் சுரண்டிப் போட்டுக்கொண்டு கடைசியாகச் சாப்பிட வேண்டும், அதுதான் மரியாதை, அதைத்தான் பெரியகருப்பன் மாமா எதிர்பார்ப்பார், ஊரும் எதிர்பார்க்கும். பரிமாற ஆள் இல்லாமலா போய்விடும், அழகுராசாவுக்குக் கை இருக்கிறது.

"நாந்தேம்மா" என்றேன்.